ஐஸ் பெட்டிக்கு ஒரே ஒரு கை

எங்கள் வீட்டில் பற்பசையைக்கூட ஓட்டெடுத்துத்தான் மாற்றுவோம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் கணவரின் அண்ணன் கூடத்தில் நடுநாயகமாக நின்றுகொண்டு, "சரி, யாருக்கெல்லாம் சம்மதம்? கை தூக்குங்க" என்பார். நான் மனசுக்குள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் தலைவர். மாமியாரின் ஒரு கை இரண்டு கைக்குச் சமம். பிள்ளைகளின் கை கணக்கில் வராது. தோற்றவர்கள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எங்கள் வீடு பெரிய ஜனநாயகம். என் அம்மாவே, "உனக்கு வாச்ச மாதிரி யாருக்கு வாய்க்கும்!" என்று மெச்சிக்கொள்வாள். உள்ளே இருப்பவளுக்குத்தானே தெரியும்? முக்கால்வாசி நேரம் எதற்கென்று கேட்காமலே கை தானாக மேலே போய்விடும்.

அந்தச் சனிக்கிழமை ஓட்டெடுப்பு கடையிலேயே நடந்தது. கூடாரம், மடக்கு நாற்காலி, டார்ச் லைட் விற்கிற கடை. கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்குவது எங்கள் வழக்கம். இந்த வருடம் சாப்பாட்டுச் சாமான்களைக் குளிராக வைத்துக்கொள்ள என்ன வாங்குவது என்பதுதான் கேள்வி. ஒரு பக்கம் வண்டியில் சொருகி ஓட்டுகிற குட்டி ஃப்ரிட்ஜ். மறுபக்கம் தடித்த சுவர் வைத்த புது மாதிரி ஐஸ் பெட்டி. எங்களிடம் இருந்த பழைய ஐஸ் பெட்டியின் மூடி சரியாக மூடாது, உள்ளே போட்ட ஐஸ் ஒரு நாள்கூடத் தாங்காது.

"மூணு வருஷமா தண்ணியில மிதக்கற கறியத்தான் தின்னுட்டு வரோம். போதும்பா" என்றார் தலைவர்.

"ஐஸ் பெட்டியே நல்லதில்ல மாமா? கரண்ட் வேணாம், பேட்டரி வேணாம், ரிப்பேர்னு ஒண்ணு வராது" என்றேன் நான்.

"ஐஸ் வேணுமே. அது உருகுமே."

"உருகினா வாங்கிக்கலாம். நான்தான போறேன்."

"அதுக்குத்தாம்மா சொல்றேன். நீ மட்டும் எதுக்கு வெயில்ல அலையணும்?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

என் விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பெட்டிக்காக ஒருத்தி இப்படி மல்லுக்கு நிற்பாளா என்று நினைப்பீர்கள். எங்கள் வீட்டில் மூன்று படுக்கையறை, எட்டுப் பேர். மாமியார், தலைவர், அவர் மனைவி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், என் கணவர், நான், எங்கள் ஒரே பிள்ளை வாலு. குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டால் கதவைத் தட்டி, "உள்ள யாரு?" என்று ஒரு குரல் வரும். யாராக இருந்தால் என்ன, வெளியே வரத்தானே போகிறேன்! வேலை பல் மருத்துவமனை வரவேற்பில். காலையிலிருந்து வீங்கிய கன்னங்களோடு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் என் முகத்தில்தான் முழிப்பார்கள். நானும் சிரித்தாக வேண்டும். பஸ்ஸில் வந்தால் பக்கத்து வீட்டு அம்மா எனக்கென்று இடம் போட்டு வைத்திருப்பார்.

ஆக, தனியாக இருப்பது என்ற ஒன்று எனக்கு வருடத்துக்கு ஒரு தடவைதான் நடக்கிறது. ஏரிக்கரையில், ஐஸ் வாங்கப் போகும்போது. ஆண்களுக்கு மீன் பிடிக்கிற மும்முரம். தலைவரின் மனைவிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. எனவே மதியமானால் எங்கள் சின்னக் காரை எடுத்துக்கொண்டு, பெரிய சாலையில் இருக்கிற பெட்ரோல் பங்க்குக் கடைக்குப் போவேன். கடைக்குப் பின்னால் ஒரு மரம். அதன் கீழே காரை நிறுத்திக் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பேன். பாட்டுக்கூடப் போடுவதில்லை. யாரும் என்னை எதுவும் கேட்க மாட்டார்கள். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். போய்விட்டு வந்தால், "ஏன் இவ்ளோ நேரம்?" என்பார்கள். "கூட்டம்" என்பேன். ஒவ்வொரு விடுமுறையிலும் அப்படிக் கிடைக்கிற நாலைந்து மதியங்களை வைத்துத்தான் நான் வருடம் பூராவும் மனுஷியாக நடமாடிக்கொண்டிருந்தேன். இப்போது அதற்கு உலை வைக்க ஒரு ஃப்ரிட்ஜ் வந்து நிற்கிறது.

இதை வாய்விட்டுச் சொன்னால் என்ன என்று கேட்கலாம். ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "ஏங்க, கொஞ்ச நேரம் தனியா இருக்கணும் போல இருக்கு" என்றேன் கணவரிடம். மனுஷன் பயந்துவிட்டார். போய் அவர் அம்மாவைக் கூட்டி வந்தார். அத்தை என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். தலைவர் என் அம்மாவுக்குப் போன் போட்டார். அன்று மாலை முழுக்க என் கட்டிலைச் சுற்றி ஏழு பேர் உட்கார்ந்து எனக்குத் துணையாக இருந்தார்கள். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

கடையில் விற்பனையாள் ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டி, பக்கவாட்டில் இருந்த ஒரு பொத்தானை விளக்கிக்கொண்டிருந்தான். "வண்டி நிக்கும்போது இது வண்டியோட பேட்டரியிலதான் ஓடும். பேட்டரி ஒரேயடியா இறங்கிடக் கூடாதுன்னு மூணு நிலை வச்சிருக்காங்க. 'லோ'ல இருந்தா ராத்திரி பூரா ஓடும். 'ஹை'ல வச்சீங்கன்னா வண்டிக்கு நல்லது, ஆனா ஃப்ரிட்ஜ் சீக்கிரமே நின்னுடும். 'லோ'லயே விட்டுடுங்க." தலைவர் இதைக் கேட்கவில்லை. அவர் அதற்குள் ஓட்டெடுப்புக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டேன். என் பக்கத்தில் நின்ற தலைவரின் மனைவியும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சரி, ஃப்ரிட்ஜுக்கு யாரு?"

முதலில் எழுந்தது என் கணவரின் கை. என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. "இனிமே நீ ஐஸுக்கு அலைய வேணாம்மா" என்றார். அந்த முகத்தைப் பார்த்து யாரால் கோபப்பட முடியும்? கெட்டவனாக இருந்தாலாவது திட்டித் தீர்க்கலாம். அத்தை கை தூக்கினார், இரண்டு ஓட்டு. தலைவர் தூக்கினார். தலைவரின் மனைவியும் தூக்கினாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்கா எப்போதும் என்னைப் பார்த்துவிட்டுத்தான் கை தூக்குவாள். நாங்கள் இருவரும் அந்த வீட்டுக்கு வாழ வந்தவர்கள், எங்களுக்குள் அப்படி ஒரு ஒப்பந்தம் உண்டு. அன்று அவள் என் பக்கமே திரும்பவில்லை.

"ஐஸ் பெட்டிக்கு?"

என் கை மட்டும் மேலே நின்றது. ஊரே பார்க்க, கடை நடுவில். "பாவம், ஐஸ் மேல என்னமோ ஒரு பாசம்" என்றார் தலைவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாதே.

ஏரிக்கரையில் அந்தச் சனியன் அருமையாக ஓடியது. தலைவரின் வேனுக்குப் பின்பக்கம் அதை வைத்திருந்தோம். முணுமுணுவென்று ஒரு சத்தம், ஒரு பச்சை விளக்கு. பழைய ஐஸ் பெட்டி பாத்திரம் பண்டம் சுமக்கிற வேலைக்கு வந்துவிட்டது. எல்லாரும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஃப்ரிட்ஜைத் திறந்து ஜில்லென்று தண்ணீர் குடித்தார்கள். தாகத்துக்கு இல்லை, பெருமைக்கு. "பாத்தியாம்மா?" என்று கணவர் ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்டார். பார்த்தேன்.

மதியம் வந்தது. என் மதியம். உடம்பு தானாகவே கார் சாவியைத் தேடியது. எழுந்து நின்றேன்.

"எங்க போறே?" என்றார் அத்தை.

"சும்மா, ஏரிப் பக்கம்."

"தனியாவா? டேய், சித்திகூடப் போங்கடா." இரண்டு பிள்ளைகளும் வாலும் கூடவே ஓடி வந்தார்கள். பின்னாலேயே கணவர், "நானும் வரேன், உனக்குப் பேச்சுத் துணையா." ஏரியைச் சுற்றி நடந்தோம். அவர் ஃப்ரிட்ஜைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். திரும்பி வந்தால் அத்தைக்கு முழங்காலில் தைலம் தேய்க்க வேண்டும், வெங்காயம் உரிக்க வேண்டும், யாருக்கோ மூக்கில் பூச்சி. இரவு எல்லாருக்கும் ஒரே கூடாரம். என் ஒரு பக்கம் வாலு, மறுபக்கம் கணவர், கால்மாட்டில் அத்தையின் பை. புரண்டு படுக்கக்கூட யாரிடமாவது கேட்க வேண்டும். இதற்கு வீடே தேவலாம் என்று இருந்தது. வீட்டிலாவது குளியலறைக்குத் தாழ்ப்பாள் உண்டு. இங்கே கழிவறைக்குப் போனால் அக்கா வெளியே நின்று, "ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

இரண்டாம் நாள் மதியமும் அப்படியே போனது. எனக்கு மூச்சு முட்டியது. நிஜமாகவே, நெஞ்சில் யாரோ கையை வைத்து அழுத்துகிற மாதிரி. இன்னும் இரண்டு நாள் இப்படி, அப்புறம் ஒரு வருடம், அப்புறம் மறுபடி இதே ஃப்ரிட்ஜ். கம்ப்ரஸர் பத்து வருடத்துக்கு ஒன்றும் ஆகாது என்று விற்பனையாள் சத்தியம் செய்திருந்தான்.

பொழுது சாயும் நேரத்தில் பால் எடுக்கிற சாக்கில் வேனுக்குப் பின்னால் போனேன். எல்லாரும் அடுப்பு மூட்டுவதைச் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினேன். 'லோ' போய் வேறொன்று வந்தது. இன்னொரு தடவை அழுத்தினேன். 'ஹை'. பாலை எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். வருத்தமாக இருந்ததா என்றால், துளிகூட இல்லை.

விடிந்ததும் தலைவரின் குரல்தான் எல்லாரையும் எழுப்பியது. பச்சை விளக்கு அணைந்திருந்தது. பால் திரிந்திருந்தது, மசாலா தடவி வைத்த கறி தொளதொளவென்று கிடந்தது. தலைவர் ஃப்ரிட்ஜைத் தட்டினார், சாய்த்தார், வயரைப் பிடுங்கிச் சொருகினார். வேனை ஸ்டார்ட் செய்தால் ஓடியது, நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. "நாள் பூரா வேன ஓட விட்டுட்டே இருக்க முடியுமா? கடைக்காரன் நம்ம தலையில கட்டிட்டான்!" என்று கத்தினார். பொத்தானைப் பற்றி அவருக்குத் தெரியாது. தெரிந்த ஒருத்தி வாயைத் திறக்கவில்லை.

"நான் போய் ஐஸ் வாங்கிட்டு வந்துடறேன் மாமா. பழைய பெட்டி இருக்குல்ல" என்றேன். சாவி ஏற்கெனவே என் கையில் இருந்தது.

"போ, போ. சீக்கிரம் வா."

கார் கதவைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "நானும் வரேன்."

"நீ எதுக்கு? ரெண்டு பேரும் போயிட்டா பசங்கள யாரு பாத்துக்கறது?" என்றார் தலைவர். உடனே பழக்க தோஷத்தில், "சரி, இவ போறதுக்கு யாருக்கெல்லாம்..." என்று கையை உயர்த்தத் தொடங்கினார்.

"ஓட்டெல்லாம் வேணாங்க" என்றாள் அக்கா. "நான் போறேன்." முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தலைவரின் கை பாதியில் நின்றது. அந்த வீட்டில் அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதே இல்லை. வேறு நாளாக இருந்தால் கைதட்டியிருப்பேன். அன்று எனக்கு வயிறெரிந்தது. இத்தனை பாடுபட்டு, கறியையும் பாலையும் பலி கொடுத்து வாங்கிய என் ஒரு மணி நேரத்தில் இவள் ஏறி உட்கார்ந்துகொண்டாளே!

பெரிய சாலைக்கு வந்ததும் அவள்தான் ஆரம்பித்தாள்.

"நான் பாத்தேன்."

"என்னத்த?"

"நடிக்காதடி. நேத்து சாயந்தரம், அந்தப் பொத்தான."

கையும் களவுமாக மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? சாலையையே பார்த்து ஓட்டினேன். "மாமாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லணும்னா நேத்தே சொல்லியிருப்பேன்." ஏசி காற்றை முகத்துக்கு நேராகத் திருப்பிக்கொண்டாள். "நீ இங்க வந்து என்ன பண்றேன்னு எனக்குத் தெரியும். ஐஸ் வாங்க எவ்ளோ நேரம் ஆகும்? நீ வந்தா முகம் கழுவி விட்ட மாதிரி தெளிவா வருவே. கூட்டத்துல நின்னவ மூஞ்சி அப்படியா இருக்கும்?"

"அக்கா..."

"இரு, சொல்லி முடிச்சிடறேன். நீ இங்க உக்காந்திருக்கற நேரத்துல அங்க யாரு இருக்கா? நான். என் ரெண்டும் உன் வாலும், அத்தையோட முழங்காலும். மூணு வருஷமா உன் ஒரு மணி நேரத்த நான்தான் சுமக்கறேன். அதான் ஃப்ரிட்ஜுக்குக் கை தூக்கினேன். நீயும் கிடந்து சாவுன்னுதான்." முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். "எனக்கு ஐஸ் வாங்க எங்க போறது, சொல்லு."

"நீங்களும் வண்டி ஓட்டக் கத்துக்கிட்டா..." என்று வாயைக் கொடுத்தேன்.

"கேட்டேனே. போன வருஷம் கேட்டேனே. உங்க மாமா கூடத்துல வச்சு ஓட்டுக்கு விட்டார். 'இவ கத்துக்கிட்டா வீட்டு வேலை கெடும், வேணாம்ங்கறவங்க கை தூக்குங்க'ன்னார். நீ வாலுக்குச் சோறு ஊட்டிட்டு இருந்தே. திரும்பிக்கூடப் பாக்கல. கை தூக்கினே."

எனக்கு அது நினைவிலேயே இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஆனால் தூக்கியிருப்பேன். அதில் சந்தேகமே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் கையைப் பார்க்கவே எனக்குக் கூசியது.

பங்க் வந்தது. கடைக்குப் பின்னால் மரத்தடியில் காரை நிறுத்தினேன். "நீங்க உக்காருங்க அக்கா. நான் போய் வாங்கிட்டு வரேன்" என்றேன். இன்ஜினையும் ஏசியையும் அணைக்காமல் விட்டுவிட்டு இறங்கினேன்.

கடையில் எனக்கு முன்னால் ஒருவர்கூட இல்லை. கட்டி ஐஸாக இரண்டு பை வாங்கினேன், தூளைவிட கட்டி மெதுவாக உருகும். தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் கார்க் கதவு உள்ளே பூட்டியிருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மேலே தூக்கி வைத்து, சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தாள். கண் மூடியிருந்தது. தூக்கம் இல்லை, கால் விரல்கள் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. பதினோரு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அந்த முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன். ஐஸ் பை முழங்கையில் உரசி ஜில்லென்றது. கையை இறக்கிவிட்டேன்.

கைப்பையில் போன் அடித்தது. கணவர். "ஐஸ் கெடச்சுதாம்மா? கறி வாடை அடிக்க ஆரம்பிச்சிடுச்சு. அண்ணன் கத்திட்டு இருக்கார். பசங்க வேற ரெண்டும் அழுவுது."

என் காலடியில் ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இங்க ஐஸ் தீந்துபோச்சுங்க. வண்டி வரணுமாம். லேட்டாகும்."

"எவ்ளோ லேட்டாகும்?"

"தெரியல. ஒரு மணி நேரமாவது ஆகும்."

"ஐயையோ, அப்ப கறி போச்சா?"

"போச்சுதான்" என்றேன்.

"சரி, பரவால்ல விடு. வெயில்ல நிக்காத. கார்ல போய் உக்காரு."

"ம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஐஸ் பைகளைத் தூக்கிக்கொண்டு மறுபடி கடைக்குள் போனேன். "அண்ணே, இத கொஞ்ச நேரம் உள்ள வச்சிருக்க முடியுமா?" என்று கேட்டேன். கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் வாங்கிப் பெட்டிக்குள் போட்டார். பேச ஆள் கிடைத்த சந்தோஷம் அவருக்கு. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காரும்மா" என்றார். எங்கே தங்கியிருக்கிறீர்கள், எத்தனை பேர், வீட்டுக்காரர் என்ன வேலை, எத்தனை பிள்ளைகள், ஒன்றோடு ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஜன்னல் வழியாக மரமும் காரும் தெரிந்தன. நான் அவர் கேட்டதற்கெல்லாம் சிரித்துக்கொண்டே பதில் சொன்னேன்.